கடைசிக் கை

குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் 2021 டிசம்பர் 8 அன்று விழுந்து எரிந்த எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டரைப் பற்றி அதிகாரபூர்வமாக நம் கையில் இருப்பவை இரண்டு கூற்றுகள். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து முற்பகல் 11.48-க்குப் புறப்பட்டு 12.15-க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டிய அந்த ஹெலிகாப்டருடன் 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி மதுலிகா உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். தீக்காயங்களுடன் மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி பெங்களூரு மருத்துவமனையில் இறந்தார். முதல் கூற்றை 2022 ஜனவரி 14 அன்று விமானப்படை வெளியிட்டது. இயந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை, கவனக்குறைவும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது, முழுக் கட்டுப்பாட்டில் இருந்தபடியே அது தரையில் மோதியது என்றது அந்தக் கூற்று. இரண்டாவது, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவின் அறிக்கையில் வந்தது. 2017 முதல் 2022 வரையிலான திட்டக் காலத்தில் விமானப்படைக்கு நேர்ந்த 34 விபத்துகளைப் பற்றிய அந்த அறிக்கையில், இந்த விபத்துக்கு எதிரே காரணம் என்ற இடத்தில் மனிதத் தவறு என்றும், அது விமானக் குழுவினருடையது என்றும் குறித்திருந்தார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே புதிய சான்று எதுவும் பொதுவெளிக்கு வரவில்லை. முதல் கூற்று பாரத்தை வானத்தின் மேல் இறக்கியது. இரண்டாவது அதை எடுத்து விமானியின் மேல் வைத்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இது முரண்பாடு. எனக்கோ இவற்றின் முரண்பாட்டைவிட இவற்றின் ஒற்றுமைதான் பெரிதாகப் படுகிறது. இரண்டுமே விபத்தின் கடைசி நொடிகளைத் தாண்டிப் பின்னால் போகவில்லை. மோசமான வானிலையில் ஒரு ராணுவ விமானம் மலையில் மோதும்போது, கடைசியாக விசையைப் பிடித்திருந்த கை யாருடையது என்பதை அறிய விசாரணையே தேவையில்லை. அது புறப்படும் முன்பே பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கை அந்த மேகத்துக்கு எதிரே வந்து சேர்வதற்குள் வேறு எத்தனை கைகள் எத்தனை மேசைகளில் கையெழுத்திட்டன என்று தேடுவதற்குத்தான் விசாரணை. அதைத் தேடாத அறிக்கை மேகத்தைக் குறை சொன்னாலும் சரி, விமானியைக் குறை சொன்னாலும் சரி, கோப்பை மூடுகிற ஒரே காரியத்தைத்தான் செய்கிறது.

திசையுணர்வுக் குழப்பம் திறமைக் குறைவால் வருவதில்லை. உடலின் அமைப்பால் வருவது. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் திரவம் அசைவதை வைத்தே உடல் திரும்புகிறது என்பதை மூளை அறிகிறது. ஒரே சீராக நீண்ட நேரம் வளைந்துகொண்டிருந்தால் திரவமும் குழலோடு சேர்ந்து நகரத் தொடங்கிவிடும். வளைவே இல்லை, நேராகத்தான் போகிறோம் என்று உடல் சத்தியம் செய்யும். முன்னோக்கி வேகம் கூடுவதையும் விமானத்தின் மூக்கு மேலே தூக்கிக்கொள்வதையும் பிரித்தறியச் செவிக்கு வழியில்லை. கண் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை இந்தப் பொய்கள் உடனுக்குடன் திருத்தப்படுகின்றன. மேகத்துக்குள் அடிவானம் கிடையாது. 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரை வெளியுலகம் தெரியாத நிலையில் விமானம் ஓட்டவைத்துப் பார்த்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள்; அதற்கு ஆன சராசரி நேரம் 178 நொடி. கருவிகளை நம்பப் பயின்ற ராணுவ விமானிகள் இவர்களைவிட எவ்வளவோ மேலானவர்கள். ஆனாலும் வெளியே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தவர் கண்ணைக் கருவிகளுக்கு மாற்றி, அவற்றை நம்பி, உடல் சொல்வதை மறுத்து ஓட்டத் தொடங்குவதற்குச் சில நொடிகள் வேண்டும். குறுகிய பள்ளத்தாக்கில் தாழப் பறக்கும் ஹெலிகாப்டருக்கு அந்தச் சில நொடிகளுக்குள் மலை வந்துவிடும். மேகத்துக்குள் புகுந்த விமானி தவறு செய்தார் என்றால், அவருக்கும் மனிதச் செவிதான் இருந்தது என்பதற்கு மேல் அதில் செய்தி இல்லை. அவர் ஏன் அங்கே, அந்த உயரத்தில், அந்த நேரத்தில் இருக்க நேர்ந்தது என்பதில்தான் செய்தி இருக்கிறது.

இதைப் பேச உலகில் மிக அதிகமாக அலசப்பட்ட ஒரு விபத்தை எடுத்துக்கொள்ளலாம். 1994 ஜூன் 2 மாலை 5.42-க்கு வட அயர்லாந்தின் ஆல்டர்குரோவ் தளத்திலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் ஒன்று ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் அருகே உள்ள ஜார்ஜ் கோட்டைக்குப் புறப்பட்டது. விமானக் குழுவினர் 4 பேர்; பயணிகள் 25 பேர். பயணிகள் அனைவரும் வட அயர்லாந்துக் கிளர்ச்சியை எதிர்கொண்ட உளவுப் பணியின் மூத்தவர்கள்: காவல்துறை, ராணுவம், எம்.ஐ.5 அமைப்பு ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள். கடலைக் கடந்து மல் ஆஃப் கின்டயர் என்ற முனையை நெருங்கிய ஹெலிகாப்டர், மாலை 6 மணிக்குச் சற்று முன், கலங்கரை விளக்கத்துக்கு மேலே கடல்மட்டத்திலிருந்து 810 அடி உயரத்தில் மூடுபனி போர்த்தியிருந்த மலைச்சரிவில் மோதியது. 29 பேரும் இறந்தார்கள். ஓட்டியவர்கள் ஜொனதன் டாப்பர், ரிச்சர்ட் குக் என்ற இருவர். சிறப்புப் படைப் பணிகளுக்குத் தேர்வான, நற்பெயர் பெற்ற இளம் விமானிகள். அந்த ஹெலிகாப்டரில் பறப்புத் தரவைப் பதியும் கருவியும் இல்லை, குரலைப் பதியும் கருவியும் இல்லை.

விமானப்படை அமைத்த மூவர் விசாரணைக் குழு பல மாதம் ஆராய்ந்தது. உயரம் ஏறுவதற்குப் போதாத வேகத்தை விமானிகள் தேர்ந்திருக்கலாம் என்பதையே மிகச் சாத்தியமான காரணமாகக் கருதியது. ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது, விமானிகள் மீது கவனக்குறைவுக் குற்றம் சாட்டவும் மறுத்தது. அதற்குப் பின்னணியில் ஒரு விதி இருந்தது. இறந்துபோன விமானி தன் தரப்பைச் சொல்ல வர முடியாது. ஆகையால் எள்ளளவும் எவ்வித ஐயமும் இல்லாத நிலையில் மட்டுமே அவர் மீது கவனக்குறைவு என்று எழுதலாம் என்று விமானப்படையே தனக்கு விதித்துக்கொண்டிருந்தது. அறிக்கையைப் பரிசீலித்த மேலதிகாரிகளான ஜான் டே, வில்லியம் ராட்டன் ஆகிய இரு ஏர் மார்ஷல்களும் 1995-இல் குழுவின் முடிவை மாற்றி, இரு விமானிகளும் கடும் கவனக்குறைவுக் குற்றம் புரிந்தவர்கள் என்று எழுதினார்கள். அடுத்து நடந்தது நீண்ட கதை. 1996-இல் ஸ்காட்லாந்து நீதிமன்ற விசாரணை, காரணத்தை நிறுவ முடியவில்லை என்றது. 2000-இல் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு அந்தத் தீர்ப்பைக் கடுமையாகக் கண்டித்தது. 2002-இல் பிரபுக்கள் அவைக் குழு, ஏர் மார்ஷல்களின் முடிவுக்கு நியாயமில்லை என்று ஒருமனதாகச் சொன்னது. பாதுகாப்பு அமைச்சகம் ஒவ்வொரு முறையும் அசையாமல் நின்றது. ஓய்வுபெற்ற நீதிபதி பிலிப் பிரபுவின் ஆய்வுக்குப் பிறகு 2011 ஜூலையில்தான் தீர்ப்பு ரத்தானது. அரசு குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டது. விபத்து நடந்து 17 ஆண்டுகள்.

17 ஆண்டுகளாக விமானிகள் மேல் குவிந்திருந்த வெளிச்சம் நகர்ந்ததும் பின்னால் தெரியத் தொடங்கியவை எவை என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்தச் சினூக் புதிதாக மாற்றியமைக்கப்பட்ட இரண்டாம் வகை. அதன் எஞ்சின்களுக்கு எரிபொருளைக் கணினி மென்பொருள் அளந்து கொடுத்தது. 1989-இல் அமெரிக்காவில் டெலாவேரில் நடந்த தரைச் சோதனையிலேயே அந்த அமைப்பு எஞ்சினை எல்லை மீறி ஓடவிட்டு ஒரு சினூக்கைச் சேதப்படுத்தியிருந்தது. பிரிட்டிஷ் அமைச்சகம் தயாரிப்பாளர் மீது வழக்கே தொடுத்திருந்தது. மென்பொருளை ஆராய அமர்த்தப்பட்ட நிறுவனம் 18 விழுக்காட்டைப் பார்த்து முடிப்பதற்குள் 485 பிறழ்வுகளைக் கண்டு, மேற்கொண்டு பார்ப்பதை நிறுத்திக்கொண்டது. விமானங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் பாஸ்கம் டவுன் மையத்தின் வல்லுநர்கள் அந்த மென்பொருளை ஏற்க மறுத்துவந்தார்கள். 1994 ஜூன் 1 அன்று, அதாவது விபத்துக்கு முதல் நாள், அந்த வகைச் சினூக்கில் தங்கள் சோதனைப் பறப்பையே நிறுத்திவைத்தார்கள். பழைய வகை ஹெலிகாப்டரைக் கைவசம் வைத்துக்கொள்ள டாப்பர் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. சோதனை விமானிகள் ஏற மறுத்த வாகனத்தில் மறுநாள் 25 பயணிகளை ஏற்றி அனுப்பிய முடிவு, ஓட்டியவர்களின் இருக்கையில் எடுக்கப்பட்டதல்ல.

மென்பொருள்தான் விபத்துக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. அதை யாரும் நிறுவவில்லை. என் வாதத்துக்கு அதைவிட முக்கியமான இன்னொரு தகவல் இருக்கிறது. அதை ஏனோ பலரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். புதிய வகைச் சினூக்குக்கு உறைபனி நிலைமைகளில் பறக்க முழு அனுமதி இன்னும் கிடைத்திருக்கவில்லை. வெளி வெப்பநிலை 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகும் உயரத்துக்கு அதை ஏற்றக்கூடாது. ஸ்காட்லாந்து மலைகளின் மேலே, மேகத்துக்குள், கருவிகளை நம்பிப் பாதுகாப்பான உயரத்தில் போவது என்ற மாற்று வழி இதனால் ஏறக்குறைய அடைபட்டிருந்தது. மீதமிருந்தது கண்ணால் பார்த்துத் தாழப் பறக்கும் வழி மட்டும். அந்த வழியில் மூடுபனி வந்தால் விமானிக்கு மேலே போக இடமில்லை, கீழே போகவும் இடமில்லை. அன்றைய வானிலை முனையில் மட்டும் மோசம். கடலில் ஒரு படகிலிருந்து பார்த்தவர், ஹெலிகாப்டர் மேகத்துக்குக் கீழே பறந்ததைத் தான் கண்டதாகச் சாட்சியம் சொன்னார். ஆக, வானிலை என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்வது, ஒரு வாகனத்துக்கு எந்த வானிலை ஆபத்தானது என்று முன்கூட்டியே நிர்ணயித்த அலுவலக முடிவையும் உள்ளடக்கியது. அதே மூடுபனி, உறைபனி அனுமதி பெற்ற ஹெலிகாப்டருக்குச் சில ஆயிரம் அடி கீழே கிடக்கும் வெண்மையாக மட்டும் இருந்திருக்கும்.

ஏர் மார்ஷல்களின் வாதத்தையும் அதன் முழு வலுவோடு எடுத்துவைப்பதே முறை. அவர்கள் சொன்னது இது: இயந்திரம் பழுதானதா இல்லையா என்ற கேள்விக்கே நாங்கள் போகவில்லை. முனைக்கு ஏறக்குறைய ஒரு மைல் முன்னால், விமானிகள் வழிகாட்டும் கணினியில் அடுத்த இலக்கை மாற்றியிருக்கிறார்கள். சிதைவிலிருந்து மீட்ட கணினியின் நினைவகம் அதைக் காட்டுகிறது. அந்த நொடியில் ஹெலிகாப்டர் அவர்கள் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. மேகம் மூடிய மலையை நோக்கி, அவ்வளவு வேகமாக, அவ்வளவு தாழ்வாக, அவ்வளவு நெருக்கத்தில் வந்ததே விதிமீறல். அதற்குப் பிறகு என்ன நடந்திருந்தாலும் கவனக்குறைவு ஏற்கெனவே நிகழ்ந்தாயிற்று. இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. தாழப் பறக்கும் எந்த விமானியும் இதைக் கேட்டு ஒரு கணம் தயங்குவார். ஆனால் இதன் அடித்தளத்தில் ஓர் ஊகம் இருக்கிறது. இலக்கை மாற்றியவர்கள் முனையின் கரையோரத்தைக் கண்டிருக்கவில்லை என்றும், இடப்பக்கம் திரும்பிக் கரையை ஒட்டிப் போக எண்ணியிருக்கவில்லை என்றும் அது எடுத்துக்கொள்கிறது. அவர்கள் கண்டிருந்து, திரும்ப முயன்று, ஏதோ ஒரு தடையால் திரும்ப முடியாமல் போயிருந்தால் வாதம் முழுவதும் சரிந்துவிடும். சிதைவை ஆராய்ந்த விமான விபத்துப் புலனாய்வாளர்கள் பழுதுக்கான தடயம் கிடைக்கவில்லை என்றார்கள். அதே மூச்சில், மோதலும் தீயும் அழித்தவற்றில் எது இருந்தது என்று அறுதியிட முடியாது, கட்டுப்பாட்டு அமைப்பு மோதலுக்கு முன்பே சிக்கியிருக்கும் சாத்தியத்தையும் நீக்க முடியாது என்றார்கள். குற்றம் நடந்திருக்கலாம் என்பது ஒரு நிலை. ஐயமே இல்லை என்பது முற்றிலும் வேறொரு நிலை. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை இரண்டு அதிகாரிகளின் அனுபவமும் உறுதியும் நிரப்பின. அந்த அதிகாரிகள் தீயவர்கள் என்று எண்ண எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்த ஹெலிகாப்டரைப் பணியில் சேர்த்த நிறுவனமும், அது விழுந்ததற்குக் காரணம் தேடிய நிறுவனமும் ஒன்றே. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கும் நிறுவனத்துக்கு, இறந்தவரின் குற்றம் என்ற முடிவு வேறெந்த முடிவைவிடவும் செலவு குறைந்தது. அந்த ஈர்ப்பை உணராமலே நல்லவர்களும் அந்தப் பக்கம் சாய்வார்கள்.

அடுத்த மறுப்பு ஒழுங்கைப் பற்றியது. படை என்பது கட்டுப்பாட்டின் மேல் நிற்பது; விமானியைக் குறை சொல்லாமல் விட்டால், மேகத்தைக் கண்டதும் திரும்ப வேண்டும் என்ற கட்டளை தளர்ந்துபோகும் என்கிறார்கள். குறை சொல்வதால் கட்டளை இறுகியது என்பதற்கு வரலாற்றில் சான்று இருக்கிறதா? நேர்மாறான சான்று இருக்கிறது. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தை மோசமான வானிலையில் நெருங்கிய டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் போயிங் 727, இறங்க அனுமதி கிடைத்ததைத் தாழ்வதற்கும் அனுமதி என்று எடுத்துக்கொண்டு 1,800 அடிக்கு இறங்க முற்பட்டு, வர்ஜீனியா மலையொன்றில் மோதியது. 92 பேர் இறந்தார்கள். புலனாய்வு வாரிய உறுப்பினர்களே மூன்றுக்கு இரண்டு எனப் பிரிந்தார்கள்: விமானிகளின் தவறே முதன்மை என்றார்கள் மூவர், கட்டுப்பாட்டு அறையின் நடைமுறைக்கே முதன்மைப் பங்கு என்றார்கள் மற்ற இருவர். ஆனால் விசாரணையில் வெளிவந்த இன்னொரு செய்தி இந்தச் சண்டையையே சிறிதாக்கிவிட்டது. ஆறு வாரத்துக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே இடத்தில் அதே தவறைச் செய்து மயிரிழையில் தப்பியிருந்தார்கள். அவர்கள் அதைத் தங்கள் நிறுவனத்திடம் சொன்னார்கள். நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. எச்சரிக்கை அந்தச் சுவரைத் தாண்டவில்லை. இதிலிருந்து அமெரிக்கர்கள் எடுத்த நடவடிக்கைகள் இரண்டு. தவறைத் தானாக வந்து சொல்பவர் தண்டனைக்கு அஞ்ச வேண்டாத அறிக்கை முறை ஒன்றை 1976 முதல் நாசா நடத்தத் தொடங்கியது. தரை நெருங்குவதை உரக்கச் சொல்லும் எச்சரிக்கைக் கருவி பெரிய பயணி விமானங்களில் கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் கருவியை உருவாக்கிப் பல பத்தாண்டுகள் மெருகேற்றியவர் டான் பேட்மன் என்ற பொறியாளர். கட்டுப்பாட்டில் இருந்தபடியே மலையில் மோதும் விபத்து, பெரிய பயணி விமானங்களைப் பொறுத்தவரை இன்று அரிதாகிவிட்டது. அந்தக் கால விமானிகளைவிட இந்தக் கால விமானிகள் ஒழுக்கத்தில் சிறந்தவர்கள் என்பதால் நேர்ந்த மாற்றமல்ல இது. அவர்கள் செவி அதே செவிதான்; அதன் பொய்யைத் திருத்த இன்னொரு குரல் அறைக்குள் வந்தது. தண்டனைக்கு அஞ்சித் தப்பிய கதையை மறைக்கும் படையில் அந்தக் குரல் பிறப்பதற்கான செய்தியே மேலே போய்ச் சேராது.

ராணுவத்துக்கு ரகசியம் தேவை, பொதுநிறுவனங்களைப் போல எல்லாவற்றையும் திறந்துவைக்க முடியாது என்பது மூன்றாவது மறுப்பு. இதற்கு ஒரு ராணுவமே பதில் தந்திருக்கிறது. 1996 ஏப்ரல் 3 அன்று அமெரிக்க விமானப்படையின் சி.டி.-43 விமானம், வணிக அமைச்சர் ரான் பிரவுனையும் தொழில் தலைவர்களையும் ஏற்றிக்கொண்டு மழையிலும் மேகத்திலும் குரோஷியாவின் டுப்ரோவ்னிக் நகரை நெருங்கியபோது மலையில் மோதியது. 35 பேர் இறந்தார்கள். இதிலும் பதிவுக் கருவிகள் இல்லை. விமானிகள் தெளிவாகவே வழிதவறியிருந்தார்கள். எளிய முடிவு மேசையில் தயாராகக் கிடந்தது. ஆனால் சில மாதங்களில் விமானப்படை தானே வெளியிட்ட அறிக்கை மூன்று காரணங்களைச் சொன்னது: கட்டளைத் தலைமையின் தோல்வி, விமானக் குழுவின் பிழைகள், தவறாக வகுக்கப்பட்ட தரையிறங்கும் வழிமுறை. பிற நாட்டு நிலையங்களின் வழிமுறைகளைச் சரிபார்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும் என்ற படையின் சொந்த விதிக்கு உள்ளூர்த் தலைமை விலக்குக் கேட்டிருந்தது. மறுக்கப்பட்ட பிறகும் பறப்பு தொடர்ந்தது. பொறுப்பிலிருந்த தளபதிகள் பதவி இழந்தார்கள். இதனால் அமெரிக்க விமானப்படையின் எந்தப் போர் ரகசியமும் கெடவில்லை. விமானிகளின் பிழையும் மறைக்கப்படவில்லை என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். நான் கேட்பது விமானிகளுக்குச் சலுகை அல்ல. பிழை இருந்தால் எழுதட்டும். அதை எழுதிய கையோடு பேனாவை மூடிவிடக்கூடாது.

நம் நாட்டிலேயே அப்படி எழுதிய அறிக்கை இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 7 அன்று கொட்டும் மழையில் கோழிக்கோட்டின் மேசைமேட்டு ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விபத்தில் 21 பேர் இறந்தார்கள். இரு விமானிகளும் அவர்களில் அடக்கம். விமான விபத்துப் புலனாய்வு அமைப்பு 2021-இல் வெளியிட்ட அறிக்கை, வகுத்த நடைமுறையை விமானி பின்பற்றாததைச் சாத்தியமான காரணமாக ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. பிறகு ஒரு படி பின்னே போகிறது. அவருடைய பக்கத்துக் கண்ணாடித் துடைப்பான் மழையில் சரியாக இயங்கவில்லை. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து இன்னொரு விமானத்தை ஓட்ட வேண்டிய பணி அவர் பெயரில் இருந்தது. அந்த நிலையத்தில் நிறுவனத்துக்குக் கேப்டன்கள் போதாமையால்தான் அந்த நெருக்கடி. இவற்றைப் படிப்பவருக்கு விமானியின் பிழை குறைந்துவிடுவதில்லை. அது புரியத் தொடங்குகிறது. அடுத்த விபத்தைத் தடுக்க விரும்புகிறவருக்குத் திருத்த வேண்டிய இடங்களும் தெரிகின்றன: துடைப்பான், பணிப்பட்டியல், ஆள்சேர்ப்பு.

நஞ்சப்பசத்திரத்துக்கு வருவோம். இங்கே பதிவுக் கருவிகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்தே முப்படை விசாரணைக் குழு முடிவுக்கு வந்தது. மேகத்துக்குள் புகுந்தது, உணர்வு குழம்பியது, மோதியது என்ற வரிசையை நான் ஐயப்படவில்லை. மலை ரயில் பாதையில் நின்ற சுற்றுலாப் பயணிகள் எடுத்த காணொளியில், ஹெலிகாப்டர் வெண்மைக்குள் மறைவதை நாடே பார்த்தது. என் கேள்வி, எதிர்பாராத மாற்றம் என்ற இடத்தில் நிற்கிறது. சமவெளியிலுள்ள சூலூரிலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்திலுள்ள வெலிங்டனுக்குப் போகும் வழியில், சரிவேறும் ஈரக்காற்று குளிர்ந்து மேகமாவது நீலகிரியின் அன்றாடம். டிசம்பர், வடகிழக்குப் பருவமழை இன்னும் விடைபெறாத மாதம். காட்டேரிப் பள்ளத்தாக்கில் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் எவருக்கும் இது தெரியும். அப்படியானால் எதிர்பாராதது யாருக்கு? புறப்பாட்டுக்கு முன் விமானிகளுக்குத் தரப்பட்ட வானிலைத் தகவல் எங்கே, எத்தனை மணிக்கு அளந்தது? இரு முனைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் அளக்கும் நிலையம் இருந்ததா? இன்ன அளவுக்குக் கீழே பார்வைத் தூரம் போனால் சாலையில்தான் போக வேண்டும் என்ற வரம்பு எழுத்தில் இருந்ததா? மிக உயர்ந்த பதவியில் இருப்பவர் பயணம் செய்யும்போது அந்த வரம்பைச் சொல்லி மறுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது? விசாரணைக் குழு இவற்றையெல்லாம் கேட்டிருக்கக்கூடும். முழு அறிக்கை நம் பார்வைக்கு வரவில்லை. வந்ததெல்லாம் ஒரு பத்தி, பிறகு ஒரு பட்டியலின் ஒரு வரி. பத்தியில் இருந்த, கவனக்குறைவு இல்லை என்ற சொற்றொடர் பட்டியலில் இல்லை. நாளை இந்த விபத்தைத் தேடுகிற மாணவருக்குக் கிடைக்கப்போவது பட்டியலின் வரிதான். அன்று தங்கள் வீட்டுக் கம்பளிகளைக் கொண்டு ஓடிவந்து எரிகிற சிதைவிலிருந்து மனிதர்களைத் தூக்கிய நஞ்சப்பசத்திரத்து மக்களுக்கும், இறந்த விமானிகளின் வீட்டாருக்கும் அதே ஒரு வரிதான்.

காரணம் தெரியாது என்றோ, பல காரணங்கள் என்றோ எழுதினால் குடும்பங்களுக்கு ஆறுதல் கிடைக்காது என்ற கருத்தும் உண்டு. மனித இயல்பு பதிலைத் தேடும், உண்மைதான். ஆனால் கின்டயர் குடும்பங்களைப் பாருங்கள். விமானிகளின் குடும்பத்தார் 16 ஆண்டுகள் போராடியது பிள்ளைகள் குற்றமற்றவர்கள் என்று நிறுவ மட்டுமல்ல. தெரியாததைத் தெரியாது என்று அரசை எழுதவைக்கவும்தான். அது கிடைத்த பிறகும் கதை முடியவில்லை. இறந்த பயணிகளின் பிள்ளைகள் இப்போது வளர்ந்து பெரியவர்களாகி, அந்த ஹெலிகாப்டர் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திட்டது யார் என்று கேட்கிறார்கள். விபத்து தொடர்பான ஆவணங்கள் சிலவற்றை அரசு 2094 வரை பூட்டி வைத்திருக்கிறது. கடைசிக் கையின் மேல் 17 ஆண்டுகள் பேசித் தீர்த்த அரசு, முதல் கைகளைப் பற்றிய தாள்களுக்கு 100 ஆண்டுப் பூட்டுப் போட்டிருக்கிறது. ஆறுதல் தராதது எது என்பதை அந்தக் குடும்பங்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

2024 நவம்பர் இறுதியில், நிலைக்குழுவின் அறிக்கை வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்பு, குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு வந்தார். கோயம்புத்தூரிலிருந்து உதகைக்கு ஹெலிகாப்டரில் போவதாக ஏற்பாடு. வானிலை சரியில்லை என்பதால் சாலை வழியாகப் போனார். யாரோ ஒருவர் வானத்தைப் பார்த்தோ எண்களைப் பார்த்தோ வேண்டாம் என்று சொன்னார், அவர் சொன்னது ஏற்கப்பட்டது. அதே மலை, அதே பருவம், ஏறக்குறைய அதே பாதை. அப்படி மறுப்பதற்கான வரம்பும் அதிகாரமும் 2021-க்கு முன்பே இருந்தனவா, அந்த 14 உயிர்களுக்குப் பிறகு உருவானவையா என்பது விசாரணை அறிக்கையில் எழுதப்பட்டிருக்க வேண்டிய செய்தி. போர்த்திட்டமோ ஆயுதத்தின் நுணுக்கமோ அதில் இல்லை. அறிக்கையின் வானிலைப் பகுதியையும் பரிந்துரைகளையும் மட்டுமாவது வெளியிடுவதற்கு எந்தப் பகை நாடும் காத்திருக்கவில்லை. மலைப்பாதையில் அடுத்து ஹெலிகாப்டரை எடுக்கவிருக்கும் விமானிதான் காத்திருக்கிறார்.